செய்யாத பாவமும் சேர்த்து

எங்கள் ஹட்டியில் இறந்தவரைப் புகழ மாட்டார்கள். இதைச் சொன்னால் கோயம்புத்தூரில் இருக்கும் என் உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே எப்பேர்ப்பட்ட ஆளும் செத்த அன்று தங்கமான மனிதராகிவிடுவார். உயிரோடு இருந்தவரை அவரைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிக்கொண்டவர்கள்கூட மாலையோடு வந்து, இப்படி ஒரு மனிதரை இனி எங்கே பார்க்கப் போகிறோம் என்று மூக்கைச் சிந்துவார்கள்.

மலையில் படுகர்களின் ஊரை ஹட்டி என்பார்கள். ஹட்டியில் ஒருவர் இறந்தால், அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் தலைமாட்டில் நின்று, இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வார். ஊர்ந்து போன பாம்பை அடித்தது, அண்டை வீட்டின் எல்லைக் கல்லை நகர்த்தியது, காட்டு மரத்தை வெட்டியது, கூடப் பிறந்தவளிடம் சீறி விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ஒரே குரலில் அது பாவம் என்று படுகு மொழியில் பதில் சொல்லும். கடைசியில், இத்தனையும் தீர்ந்து போகட்டும், இவருக்கு வாசல் திறக்கட்டும் என்று முடிப்பார்கள்.

முதல் தடவை கேட்டபோது நான் வெலவெலத்துப் போனேன். தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் வேலை கிடைத்து, அந்த ஹட்டியின் கடைசி வீட்டில் வாடகைக்கு வந்த புதிது அது. படுகு மொழி அப்போது அரையும் குறையுமாகத்தான் புரியும். இறந்து போனவர் சாது. நடக்கும்போதுகூட எறும்புக்கு வழி விடுகிறவர். அவரைப் போய் இப்படிச் சொல்கிறார்களே என்று எனக்கு மனசு தாங்கவில்லை. பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டுக்காரியின் காதில் கிசுகிசுத்தேன்.

"ஏனுங்க, இவரு எப்பங்க எல்லைக் கல்லை நகர்த்தினாரு?"

அவள் சிரிப்பை அடக்கச் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவர் நகர்த்தலைக்கா. எல்லாருக்கும் இதேதான் சொல்றது. செஞ்சதோ செய்யாததோ, மொத்தமா சொல்லி விட்டுட்டா அப்புறம் யாரும் எதையும் சொல்றதுக்கு மிச்சம் இருக்காதில்ல?"

அன்றிலிருந்துதான் அவள் எனக்குச் சிநேகிதி. அவளும் அவள் கணவரும் கொஞ்சம் தேயிலை வைத்திருந்தார்கள். பறிக்கிற இலையை எங்கள் ஃபேக்டரிக்குத்தான் போடுவார்கள். அவளுக்கு முழங்கால் வலி. இலை மூட்டையைத் தோட்டத்திலிருந்து ரோடு வரைக்கும் சுமந்து ஏறுவதற்குள் முகம் சுண்டிவிடும். கணவர் பேச்சு குறைந்த மனிதர். ஆனால் தேயிலைக்குள் நின்று தனியாகப் பாடுவார். மேகம் இறங்கிவிட்டால் ஆள் தெரியாது, பாட்டு மட்டும் வரிசை வரிசையாக நகர்ந்து போகும். அடுப்படி ஜன்னலில் நின்று அந்தப் பாட்டு எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே நான் எத்தனையோ காலை வேளைகளில் பாலைப் பொங்க விட்டிருக்கிறேன்.

அவர்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட்டின் குடியிருப்பு இருந்தது. நாங்கள் லைன் என்போம். அங்கே இருப்பவர்களின் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள், அதனால் அவர்கள் லயம் என்பார்கள். லயத்திலிருந்து ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஏறி வந்து என் சிநேகிதிக்கு இலை பறித்துக் கொடுப்பாள். இருவரும் எதிரெதிர் வரிசையில் நின்றுகொண்டு, ஒருத்தி படுகுத் தமிழிலும் ஒருத்தி சிலோன் தமிழிலும் கணவன்மாரைக் கரித்துக் கொட்டிக்கொண்டே பறிப்பார்கள். இரண்டு பேருக்கும் அதில் பரம திருப்தி.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. மழை பெய்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. நாங்கள்தான் மழைக்குள் குடியிருந்தோம். துவைத்த துணி காயாமல் அடுப்புக்கு மேலே தொங்கியது. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. கரண்ட் போய்ப் போய் வந்தது. பகலா சாயங்காலமா என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்ல முடியாத வெளிச்சம். ஃபேக்டரிக்குப் போகிற வழியில் எதிரே வருகிறவர் நெருங்கிய பிறகுதான் தெரிந்தவரா தெரியாதவரா என்பது தெரியும். அந்த நாட்களை இப்போது நினைத்தால் எது எதற்கு முன்னால் நடந்தது என்பதே குழம்புகிறது. அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் தெளிவாக இருக்கிறது.

விடிந்தும் விடியாத நேரம். தோட்டத்து ஓரத்து வடிகால் நிரம்பி வழிகிறது, இப்படியே விட்டால் தண்ணீர் லயத்துக்குள் போய்விடும் என்று என் சிநேகிதியின் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். தலையில் கோணிச் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு என் வீட்டைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் என்று எல்லாரும் பின்னால் டிவியில் சொன்னார்கள். எனக்குக் கேட்டது பெரிய சத்தம் இல்லை. யாரோ பக்கத்து அறையில் நீளமாக மூச்சு விட்டது மாதிரி இருந்தது. வெளியே வந்து பார்த்தால் அவர்கள் தோட்டத்தின் ஓரம் இல்லை. அங்கே மேகம் நின்றுகொண்டிருந்தது.

மண் சரிந்து போய் லயத்தின் கோடி வீட்டின் மேல் விழுந்திருந்தது. அது இலை பறிக்க வருகிற அந்தப் பெண்ணின் வீடு. அவள் பால் வாங்கப் போயிருந்தாள். அவளுடைய கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மற்ற வீட்டுக்காரர்கள் ஓடித் தப்பித்தார்கள். அவரையும் என் சிநேகிதியின் கணவரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

ஹட்டியில் தார்ப்பாய் கட்டி என் சிநேகிதியின் கணவரைக் கிடத்தினோம். எல்லாரும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். மேகத்துக்குள் வெள்ளை உடுப்பு எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பெரியவர் தலைமாட்டில் நின்று சொல்லத் தொடங்கினார். பாம்பு, எல்லைக் கல், காட்டு மரம். கூட்டம் பதில் சொன்னது. இத்தனை வருஷத்தில் நானும் பழகியிருந்தேன், என் வாயும் தானாக அசைந்தது. அவரைப் பற்றித் தப்பாக எதையோ சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. மழைக்கு ஒதுங்கி நின்ற யாரோ வெளியூர்க்காரர் செல்போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் அந்தப் படம் டிவிக்கு வந்துவிட்டது.

விவாத நிகழ்ச்சிகளில் அடிக்கடி வருகிற ஒருவர் அன்று மலை நிபுணராக உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம் அவரே கிரிக்கெட் நிபுணராகவும், அதற்கு முந்தின வாரம் குழந்தை வளர்ப்பு நிபுணராகவும் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். நல்ல வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு முடி கலையவில்லை. இடது பக்கம் எங்கள் பெரியவர் பாவம் சொல்லும் படம் ஓடியது. கீழே யாரோ தமிழில் எழுதிப் போட்டிருந்தார்கள்: எல்லைக் கல்லை நகர்த்தினான், காட்டு மரத்தை வெட்டினான், ஊரே சாட்சி. பெரியவர் தலையைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

"பாருங்க, இதை நான் சொல்லலை. அவங்க ஊர்ப் பெரியவரே சொல்றார். பிணத்தோட மண்வெட்டியும் கிடைச்சிருக்கு. மலையை வெட்டினவன் மலைக்குள்ளயே போயிட்டான். இதுல நாம அழறதுக்கு என்ன இருக்கு?" என்றார் மலை நிபுணர்.

லயத்து மனிதரைப் பற்றியும் ஒருவர் கேட்டார். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது.

"எல்லாரும் எழுந்து ஓடியிருக்காங்க. இவர் மட்டும் ஏன் ஓடலை? சனிக்கிழமை ராத்திரி எஸ்டேட்ல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நெறியாளர்கூட உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையில் இருந்த டம்ளரை டிவி மேல் எறிந்திருப்பேன். டிவி வீட்டு ஓனருடையது, அதனால் எறியவில்லை.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி எல்லாருடைய செல்போனுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம் மறுஒளிபரப்பும் போட்டார்கள். ஹட்டியில் ஒவ்வொரு வீட்டு ஜன்னலும் மேகத்துக்குள் நீலமாக மினுக்கிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் அந்த ஒரே குரல். ரோட்டில் நடந்து வரும்போது அந்தக் குரல் என்னோடு வீடு வீடாக நடந்து வந்தது.

என் சிநேகிதி வீட்டில் மட்டும் டிவி அணைந்திருந்தது. அவள் அடுப்படியில் குளிர் காய்கிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள், அடுப்பு எரியவில்லை. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"கீழ இருக்கறவ இதைப் பார்த்திருப்பாளாக்கா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது அந்த லயத்துப் பெண்ணைப் பற்றி. புருஷனை இழந்த என் சிநேகிதிக்கு அந்த நேரத்தில் இருந்த ஒரே பயம் அதுதான். ஊர் என்ன நினைக்கும், டிவி என்ன சொல்லும் என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதாக இல்லை. எதிர் வரிசையில் நின்று இலை பறித்தவள், தன் கணவனைக் கொன்றது இவர்கள்தான் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது? லயத்துக்காரர்கள் தங்கியிருந்த முகாமுக்குப் போய் அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று முந்தின நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது வாசலைத் தாண்டவே பயந்தாள்.

"அவரு ஒண்ணும் பண்ணலைன்னு நான் சொல்றேனுங்க. அந்த சேனல்காரனுக்கே போன் போட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. எல்லைக் கல்லெல்லாம் பொய்தான். ஆனா போன கோடையில அந்த ஓரத்துல மண்ணு வெட்டினார். பிக்கப் வண்டி தோட்டத்துக்கிட்டயே வந்து நிக்கணும்னு கொஞ்சம் இடம் எடுத்தார். என் முட்டி வலின்னு நான்தான் வெட்டச் சொன்னேன். அவர் வேண்டாம்னுதான் சொன்னார்."

 இந்த மலையில் வீட்டுக்குப் பின்னால், தோட்டத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் மண் வெட்டாதவர்கள் யார்? நான் குடியிருக்கிற வீடே வெட்டின மண்ணில்தான் நிற்கிறது. அந்த ஒரு வண்டி இடத்தால்தான் மலை இறங்கியதா, அத்தனை மழைக்கு அது எப்படியும் இறங்கியிருக்குமா என்று யாரால் சொல்ல முடியும்? எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. வெள்ளைச் சட்டைக்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இரண்டு மொழியும் தெரிந்தவள் என்று யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளூர் நிருபர் ஒருவர் கூப்பிட்டு, அன்று சாயங்கால விவாதத்தில் போனில் பேசுகிறீர்களா என்று கேட்டார். அவர் நல்ல பையன், குரலிலேயே சங்கடம் தெரிந்தது. பேசுகிறேன் என்றேன். சிக்னல் வேண்டும் என்பதால் தண்ணீர் டேங்க் மேட்டில் குடை பிடித்து நின்றேன். போனில் வெகுநேரம் விளம்பரம் கேட்டது. சுற்றிலும் மேகம். ஊர், ரோடு, மரம் ஒன்றுமே இல்லை. நானும் அந்தச் சோப்பு விளம்பரமும் மட்டும் உலகத்தில் மிச்சம் இருந்தோம். பிறகு திடீரென்று என் பேரைச் சொல்லி, சொல்லுங்கள் என்றார்கள்.

"அது குற்றச்சாட்டு இல்லைங்க. அது சாவுச் சடங்கு. ஊர்ல யார் செத்தாலும் அதையேதான் சொல்வாங்க. நாளைக்கு அந்தப் பெரியவரே செத்தாலும் அவருக்கும் எல்லைக் கல்லுதானுங்க" என்றேன். நிதானமாகத்தான் தொடங்கினேன். பாதியில் குரல் ஏறிவிட்டது.

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. உங்களை மதிக்கிறேன். ஒரே ஒரு கேள்வி. அவர் அந்த இடத்துல மண்ணு வெட்டினாரா, வெட்டலையா?" என்றது வெள்ளைச் சட்டைக்காரரின் குரல்.

 வெட்டவில்லை என்று சொல்லக் கூடாது என்று என் சிநேகிதி சொல்லியிருந்தாள். வெட்டினார் என்று இவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெட்டினார் என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு முழங்கால் வலி இருக்கிறது, வேண்டாம் என்று அவர் சொன்னது இருக்கிறது, லயத்துக்குத் தண்ணீர் போய்விடும் என்று அந்த விடியலில் மண்வெட்டியோடு போனது இருக்கிறது. அதையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் பொறுத்திருப்பாரா?

"பார்த்தீங்களா? பதில் இல்லை" என்றார். போனைத் துண்டித்துவிட்டார்கள். அப்புறம் போனில் சோப்பு விளம்பரம்கூட இல்லை.

மேட்டிலிருந்து இறங்கி வரும்போது நன்றாக வாய்விட்டுத் திட்டிக்கொண்டே வந்தேன். கேட்க யாரும் இல்லை என்பது பெரிய வசதி. அம்மாவைப் பெற்ற எங்கள் அப்பிச்சி மாட்டைத் திட்டப் பயன்படுத்திய வார்த்தைகளெல்லாம் எனக்குள் பத்திரமாக இருந்தன என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் திட்டு தீர்ந்துபோய் அழுகை வந்தது.

லயத்துக்காரர்களைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். எங்கள் ஃபேக்டரியிலிருந்து அங்கே டீத்தூளும் கம்பளியும் அனுப்பினார்கள். கொண்டு போய்க் கொடுக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கை ஆக்கியிருந்தார்கள். கரும்பலகையில் பாதி கணக்கு அழிக்காமல் இருந்தது. அந்தப் பெண் ஜன்னலோரப் பெஞ்சில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அப்புறம் நேராகவே கேட்டாள்.

"மேல் ஊட்டு அண்ணனைப் பத்தி அவங்க ஊராளுங்களே அப்படிச் சொன்னாங்களாமே அக்கா? போன்ல எல்லாரும் காட்டுறாங்க."

நான் டிவியில் சொல்ல முடியாததை அவளிடம் பொறுமையாகச் சொன்னேன். ஹட்டியில் நான் பார்த்த முதல் சாவிலிருந்து தொடங்கினேன். அந்தச் சாது மனிதருக்கும் இதே பாம்பு, இதே எல்லைக் கல். நல்லவர், கெட்டவர், ஆண், பெண் யாருக்கும் மாற்றம் இல்லை. செய்யாத பாவத்தையும் சேர்த்துச் சொல்லி, தீரட்டும் என்று விட்டுவிடுவார்கள்.  ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

"சொன்னதுக்கு அப்புறம், அதையே யாரும் திருப்பிச் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லக் கூடாதுங்க. அதோட முடிஞ்சுது."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். விளையாட்டு மைதானத்தில் கோல் கம்பம் மட்டும் மேகத்துக்கு மேலே தெரிந்தது.

"எங்காளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலை. ஆஸ்பத்திரியில இருந்து நேரா கொண்டு போய்ப் பொதைச்சிட்டாங்க. பாட்டு இல்லை, ஒப்பாரி இல்லை, மழை. டிவியில அந்த ஆளு சொன்னாரே, அதுதான் அவரைப் பத்திச் சொன்ன கடைசிப் பேச்சு."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை.  மண் வெட்டியதைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது என் சிநேகிதி சொல்ல வேண்டியது என்று தோன்றியது. கிளம்பும்போது, மேலே வாருங்கள், அவள் வெளியே வரப் பயப்படுகிறாள் என்று மட்டும் சொன்னேன். 

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. டிவி வேறு ஊருக்கு, வேறு சண்டைக்குப் போய்விட்டது. வெள்ளைச் சட்டைக்காரர் தங்க விலையைப் பற்றிப் பேசினார். என் சிநேகிதி மட்டும் அப்படியே இருந்தாள். பறிக்காமல் விட்ட தேயிலை முற்றி நிமிர்ந்து நின்றது. நான் ஆபீஸிலிருந்து வந்து அவள் அடுப்பைப் பற்ற வைப்பேன், டீ போடுவேன், இருவரும் குடிப்போம். சில சமயம் ஜன்னலுக்கு வெளியே அவள் கணவருடைய பாட்டு வரிசை மாறிப் போவது மாதிரி இருக்கும். அவளும் தலையைத் திருப்புவாள். உனக்கும் கேட்டதா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் வாசலில் யாரோ செருப்பை உதறுகிற சத்தம் கேட்டது. அந்த லயத்துப் பெண். தலையில் பிளாஸ்டிக் பையைக் குல்லா மாதிரி போட்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் சேறு. சரிந்த மண்ணைச் சுற்றிக்கொண்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்திருக்கிறாள்.

என் சிநேகிதி எழுந்தாள். முழங்கால் பிடித்துக்கொண்டது போல, சுவரில் கை ஊன்றி நின்றாள்.  அடிக்க வந்தவளிடம் கன்னத்தைக் காட்டத் தயாராக நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

"அக்கா, எங்காளுக்கும் அதைச் சொல்லி விடுவீங்களா?" என்று கேட்டாள் வந்தவள்.

எதை என்று நாங்கள் இருவருமே கேட்கவில்லை.

"அது நான் சொல்லக் கூடாதும்மா. ஊர்ப் பெரியவர்தான் சொல்லணும். சாவன்னிக்குச் சொல்லணும்" என்றாள் என் சிநேகிதி. 

"சாவன்னிக்கு எனக்குத் தெரியாதுங்களே. பெரியவரைக் கூப்பிட எனக்கு ஏலாது. நீங்க சொன்னாப் போதும். தமிழ்ல சொல்லுங்க, அவருக்கு வேற பாசை புரியாது."

அடுப்புக்கு முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். என் சிநேகிதி கண்ணை மூடிக்கொண்டாள். படுகில் கேட்டே பழகியதைத் தமிழில் தேடித் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

"ஊர்ந்து போன பாம்பை அடிச்சார்."

"ஐயோ, பாம்பைக் கண்டா எனக்கு முன்னால ஓடுவாருங்க" என்றாள் அவள்.

"பரவாயில்லை. சொல்றதைச் சொல்லிடணும்."

"சரி. போகட்டும்."

அது பாவம் என்றுதான் அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டும். போகட்டும் என்பது கடைசியில் வருவது. அவளுக்கு முறை தெரியவில்லை. என் சிநேகிதி அதைத் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை. எல்லைக் கல்லை நகர்த்தினார், போகட்டும். காட்டு மரத்தை வெட்டினார், போகட்டும். கூடப் பிறந்தவளிடம் சீறினார் என்றதற்கு மட்டும், இது நிசம், என் நாத்தனாரோட எப்பவும் சண்டைதான் என்று சொல்லிவிட்டு, போகட்டும் என்றாள். வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற சத்தம் அவர்கள் இருவர் குரலுக்கும் நடுவே விழுந்துகொண்டிருந்தது. அடுப்பு வெளிச்சத்தில் இரண்டு முகமும் தேயிலைக்குள் எதிரெதிர் வரிசையில் நிற்கும்போது இருக்கிற மாதிரியே இருந்தன.

என் சிநேகிதி முடிக்கப் போனாள். அவள் விடவில்லை.

"குடிச்சாரு. அதையும் சொல்லுங்க. அன்னிக்கும் குடிச்சுட்டுத்தான் படுத்தாரு. எழுப்பி விட்டுட்டுப் பாலுக்குப் போயிருக்கலாம், கெடக்கட்டும்னு போயிட்டேன்."

"குடிச்சார்" என்றாள் என் சிநேகிதி.

"போகட்டும்" என்றாள் அவள். அதைச் சொல்லும்போதுதான் உடைந்தாள். அழுகைக்கு நடுவே இன்னொரு தடவையும் சொன்னாள்.  முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்து நான் டீக்குத் தண்ணீர் வைக்க எழுந்தேன்.

"இருங்க. இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். என் சிநேகிதியைப் பார்த்துத்தான் சொன்னாள். "மேல் ஊட்டு அண்ணன் மண்ணு வெட்டுனாரு."

கோடை முழுக்க அவள் கீழே இருந்து பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறாள். தெரியாமல் எப்படி இருக்கும்? எனக்கு அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

என் சிநேகிதி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள்.

"அக்கா வெட்டச் சொன்னாங்க" என்று அவள் அதையும் சேர்த்துக்கொண்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியது கூட்டம். அந்த அடுப்படியில் கூட்டம் என்று இருந்தது நான் ஒருத்திதான்.

போகட்டும் என்றேன். நான் சொன்னது போதாது என்று நினைத்தாளோ என்னவோ, என் சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஒரு தடவை சொன்னாள்.